பெரிய லேக்ல பைக் மீன் எங்க நிக்கும்? சிம்கோவில மூண்டு சனிக்கிழமை வீணாப் போச்சு

வன்னிவிரால்:

வணக்கம் எல்லாருக்கும். கனநாளா இஞ்ச வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான், இண்டைக்குத்தான் முதல்தரம் எழுதுறன். நான் கனடாவில, ரொறொன்ரோவின்ர ஸ்காபரோவில இருக்கிறன். சின்ன வயசில இரணைமடுவில விரால் பிடிச்ச ஆள், அந்தக் கையரிப்பு இஞ்ச வந்தும் போகேல்ல.

விசயம் இதுதான். மே மாதக் கடைசியில ரொறொன்ரோவுக்கு வடக்கில இருக்கிற லேக் சிம்கோவின்ர தெற்குப் பக்கம், குக்ஸ் பேயில ஹொலண்ட் ஆறு வந்து விழுற இடத்துக்குக் கிட்ட, கரையில நிண்டு சிவப்பு வெள்ளை ஸ்பூன் (கரண்டி மாதிரித் தகட்டு லூர், அதாவது பொய் இரை) எறிஞ்சனான். ரெண்டு மணித்தியாலத்தில நாலு பைக், நீட்டு உடம்பும் கூர்ப்பல்லும் இருக்கிற வேட்டை மீன். ஒண்டு 78 சென்ரிமீற்றர். விரால் மாதிரியே நாணலுக்குள்ள ஒளிச்சு நிண்டு பாய்ஞ்சு அடிக்குது, எனக்குப் பழைய சந்தோசம் அப்பிடியே திரும்பி வந்திட்டுது. சரி, பைக் பிடிக்கிறது எனக்குக் கைவந்த கலை எண்டு வீட்டில பெருமை அடிச்சுக்கொண்டு திரிஞ்சனான்.

ஜூலையில மச்சானையும் கூட்டிக்கொண்டு, காசு குடுத்து 14 அடி அலுமினியம் போட் எடுத்து, அதே நாணல், அதே ஸ்பூன், மூண்டு சனிக்கிழமை. முதல் கிழமை பென்சில் மாதிரி மூண்டு குட்டி. ரெண்டாவது கிழமை ரெண்டு பேருமா ஒரு பத்துக் கிலோ பாசி பிடிச்சிருப்பம். மூண்டாவது கிழமை ரெண்டுதரம் 12 பவுண்ட் நைலோன் நூல் (முன்னால வயர் லீடர் ஒண்டும் போடேல்ல) கத்தியால வெட்டின மாதிரி அறுந்து ஸ்பூனோட போட்டுது, பிறகு ஒரு பெரிசு, சத்தியமா ஒரு சீலா மீன் நீட்டுக்கு, ஸ்பூனுக்குப் பின்னால போட் மட்டும் வந்து, என்ர முகத்தைப் பாத்திட்டு அப்பிடியே கீழ போட்டுது. மச்சான் இப்ப என்னைக் கண்டா "பாசி முதலாளி" எண்டுதான் கூப்பிடுறான்.

மே மாதம் நிண்ட மீன் எல்லாம் எங்க போச்சுது? இவ்வளவு பெரிய தண்ணியில எங்கயெண்டு தேடுறது? இன்னொண்டு, மச்சான் உள்ளி மணக்கிற ஸ்ப்ரே ஒண்டு வாங்கி வந்திருக்கிறான், அதை லூரில அடிச்சா மீன் தேடி வருமாம். உண்மையோ? கார் இன்னும் மணக்குது.

---

பழைய_தூண்டில்:

தம்பி, ஸ்ப்ரேயைப் பிறகு பாப்பம். நீங்கள் மே மாத இடத்தில ஜூலையில நிண்டிருக்கிறியள், அவ்வளவுதான் பிழை. நான் சிம்கோக் கரையில இருக்கிற பரி (Barrie) நகரத்தில இருக்கிறன், இந்த லேக்கில இருபது வருசத்துக்கு மேல, முதல் ரெண்டு வருசம் நானும் உதே விசர்வேலைதான் பாத்தனான்.

பைக் ஐஸ் உருகின கையோட முட்டை இடுற மீன். தண்ணி இன்னும் விறைக்கிற குளிரா இருக்கேக்கையே வெள்ளம் ஏறின புல்லுக்குள்ளயும் நாணலுக்குள்ளயும் வந்திடும், முட்டை அந்தப் புல்லில ஒட்டிக்கொள்ளும், தாய் காவல் ஒண்டும் நிக்காது. முட்டை போட்ட பிறகும் கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கத்திலயே நிக்கும், ஏனெண்டா அந்த நேரம் லேக்கிலயே சூடான தண்ணி அதுதான், சின்ன மீனெல்லாம் அங்கதான் கூடும். அதைத்தான் நீங்கள் மே மாதம் கண்டனீங்கள்.

ஜூன் நடுவில குடா முழுக்கச் சூடேறும். அப்ப குட்டி பைக் எல்லாம் தாங்கிக்கொண்டு பாசிக்குள்ளயே இருக்கும், ஆனா பெரிய பைக்குக்குச் சூட்டுத் தண்ணி சரிவராது, அதுக்குக் குளிரும் வேணும் சாப்பாடும் வேணும். பெரிசெல்லாம் அனேகமாப் பெட்டை, ஆண் அவ்வளவு வளராது. அது மெல்ல மெல்ல பாசியின்ர வெளி ஓரத்துக்கு வரும், பிறகு அதையும் விட்டிட்டு ஆழத்துக்கு ஹெரிங், வைட்பிஷ் எண்ட குளிர்த்தண்ணி மீனுகளுக்குப் பின்னால போகும். நீங்கள் நாணலுக்குள்ள எறிஞ்ச நேரம் உங்கட மீன் உங்கட முதுகுக்குப் பின்னால ஆழத்தில நிண்டிருக்கும்.

இப்ப தேடுற விசயம். சிம்கோ 722 சதுர கிலோமீற்றர், அதைப் பாத்தா ஆருக்கும் தலை சுத்தும். முழு லேக்கையும் மறந்திடுங்கோ. முதல்நாள் இரவு ஆழக்கோடு காட்டுற மாப்பைத் திறந்து, போட் இறக்கிற இடத்துக்குக் கிட்ட ஒரு ரெண்டு கிலோமீற்றர் துண்டை மட்டும் எடுங்கோ. அந்தத் துண்டில ஆழக்கோடுகள் எங்க நெருக்கமா வந்து பாசிக் கரையோட முட்டுது எண்டு பாருங்கோ. தரை மூக்கு மாதிரி வெளிய நீட்டிக்கொண்டு போய் டக்கெண்டு விழுற இடம், பாசி உள்ளுக்கு வளைஞ்சு ஒரு மூலை மாதிரி வாற இடம், ரெண்டு மேட்டுக்கு நடுவில இருக்கிற பள்ளம். இப்பிடி நாலைஞ்சு இடத்தில புள்ளடி போட்டா அண்டைக்கு அதுவே காணும். மிச்சம் எல்லாம் வெறுந்தண்ணி எண்டு நினையுங்கோ.

பாசி எண்டா எல்லாப் பாசியும் ஒண்டில்ல. தூண்டில்ல மாட்டினதைக் கையில எடுத்துப் பாருங்கோ. அகல இலையா, பச்சையா, இழுத்தா "டக்" எண்டு கீரைத்தண்டு மாதிரி முறியுதெண்டா அது கபேஜ் எண்டு சொல்லுற தண்ணிச்செடி, நல்ல இடம், விட்டிட்டுப் போகாதேங்கோ. தலைமயிர் மாதிரி மெல்லிசா லூரைச் சுத்திப் பின்னிக்கொண்டு வருதெண்டா அது மில்போயில், அதுக்குள்ளயும் மீன் இருக்கும் ஆனா அதின்ர வெளி ஓரத்தில மட்டும் எறியுங்கோ. தொண்ணூறுகளில சீப்ரா மஸல் எண்ட சின்னச் சிப்பி இந்த லேக்குக்கு வந்து தண்ணியை வடிகட்டித் தெளிவாக்கிப் போட்டுது, வெயில் ஆழத்துக்கு இறங்குது, பாசியும் முந்தினதை விட ஆழத்தில வளருது. அதால வெளி ஓரம் எண்டு நான் சொல்லுறது கரையில இருந்து காணுற இடமில்ல, 5, 6 மீற்றர் ஆழத்தில இருக்கும்.

ஜூலை ஆகஸ்டில நான் செய்யிறது, அந்த ஓரத்தாலயே மணிக்கு 4, 5 கிலோமீற்றர் வேகத்தில ஆழமா ஓடுற கிராங்க்பெய்ட் (மீன் உருவத்தில இருக்கிற லூர்) ஒண்டை இழுத்துக்கொண்டு போறது. ஒரு அடி விழுந்தா ஜிபிஎஸ்ஸில குறிச்சிட்டு, மெசினை நிப்பாட்டி, அந்த இடத்தைச் சுத்தி எறியிறது. ஒண்டு நிண்டா அனேகமா இன்னொண்டும் நிக்கும், ஒரே காரணத்துக்காகத்தான் ரெண்டும் அங்க வந்தது. பைண்டரில (தண்ணிக்குள்ள மீனையும் ஆழத்தையும் காட்டுற கருவி) நடுத்தண்ணியில புகை மாதிரி ஒரு கோடு தெரிஞ்சா அதுதான் சூட்டுத் தண்ணியும் குளிர்த் தண்ணியும் முட்டுற இடம், அந்தக் கோட்டுக்கு மேல சின்ன மீன் கூட்டம் உருண்டையா நிண்டா அதின்ர உயரத்துக்கே லூரை ஓட்டுங்கோ, கீழ விடாதேங்கோ, பைக்கின்ர கண் மேல பாக்கிற கண்.

கடைசியா நூல். 12 பவுண்ட் நைலோனும் லீடர் இல்லாமலும் பைக்குக்குப் போறது கொஞ்சம் பாவமான வேலை. உங்கட காசு போறது ஒரு பக்கம், மீன் வாயில மூண்டு முள்ளுத் தூண்டிலோட திரியும். 30 பவுண்ட் பிரெய்ட் (பின்னின நூல்), முன்னால பல்லுக்கு அறாம ஒரு அடி வயர் லீடர், நீட்டு மூக்குக் குறடு. தூண்டில் நுனியில பின்னுக்குப் பாக்கிற சின்ன முள்ளை நசுக்கி விட்டா கழட்டவும் லேசு.

---

நார்த்பே_மதுரைக்காரன்:

பழைய தூண்டில் அண்ணே சொன்னது அம்புட்டும் சரி, ஆனா அது சிம்கோ மாதிரி ஆழமான ஏரிக்கு. எங்க ஊரு நிபிசிங் ஏரி சிம்கோவ விடப் பெருசு, ஆனா பெரும்பகுதி தட்டையான ஏரி, சராசரி ஆழம் 5 மீட்டர் கூட வராது. காத்தடிச்சா மேலயிருந்து அடி வரைக்கும் தண்ணி மொத்தமா கலங்கிரும், அப்புறம் எங்கிட்டு சூட்டுத்தண்ணி குளிர்த்தண்ணின்னு கோடு தேடுறது? நான் இங்க வந்த புதுசுல யூடியூப் பாத்து ஆழம் ஆழம்னு ஒரு கோடை பூரா ஓடுனேன், பெட்ரோல் தீந்ததுதான் மிச்சம்.

இங்க நான் பாக்குறது காத்த மட்டுந்தான். ரெண்டு நாளு ஒரே பக்கமா காத்து அடிச்சிருந்தா, அது போயி மோதுற கரைல நுண்ணுயிரு, அதத் தின்ன சின்ன மீனு, அதத் தின்ன பெர்ச்சு, அதத் தின்ன நம்ம பைக்குன்னு வரிசையா வந்து நிக்கும். நம்மாளுக காத்தில்லாத கரையா பாத்து சொகுசா நிக்குறாங்க, நானும் அப்படித்தான் நின்னேன். அலை அடிக்கிற கரைல பாறையும் செடியும் சேந்து இருக்குற இடத்துல ஸ்பின்னர்பெய்ட்ட (சுத்துற தகடு வச்ச லூரு) எறிஞ்சு பாருங்க. தண்ணி கலங்கி இருந்தா அதுக்கு கண்ணு உதவாது, ஆனா பைக்குக்கு தலைலயும் கீழ்த்தாடைலயும் பொட்டுப் பொட்டா ஓட்டை இருக்கும், அதுலதான் தண்ணியோட அதிர்வ வாங்கும். அதனால கலங்குன தண்ணில நல்லா உதறுற பிளேடு, ஆரஞ்சு மஞ்சன்னு கண்ணு கூசுற கலரு. தெளிஞ்ச தண்ணில வெள்ளி, இல்லன்னா பெர்ச்சு மாதிரி பச்சை வரி. இது ரெண்டையும் மாத்திப் போட்டாத்தான் போட் வரைக்கும் வந்து மொகத்தப் பாத்துட்டுப் போகும்.

அந்த மொகம் பாக்குற கேசுக்கு ஒரு வைத்தியம் இருக்கு தம்பி. மீனு பின்னால வருதுன்னு தெரிஞ்சா நம்ம கை தன்னால நிக்கும், அதான் தப்பு. தொரத்துறப்ப இரை நின்னு மொறைச்சா எந்த மிருகமாச்சும் நம்புமா? ஒரு நொடி வேகமா இழுத்து, அப்பறம் சட்டுனு விட்டு ஸ்பூன கீழ விழ விடுங்க, அது ஒரு பக்கமா சாஞ்சு அடிபட்ட மீனு மாதிரி பளிச் பளிச்னு எறங்கும், பாதிக்கு மேல அந்த எறக்கத்துலதான் அடிக்கும். அப்பவும் அடிக்காம போட் வரைக்கும் வந்துருச்சா, லூர தண்ணியவிட்டு எடுக்காம, ராடு நுனிய தண்ணிக்குள்ள முக்கி எட்டு போடுங்க, வளைவு நல்லா அகலமா. போன செப்டம்பர்ல மூணாவது எட்டுல ஒண்ணு அடிச்சுச்சு, போட்லருந்து ரெண்டடி தூரத்துல வாயத் தொறந்தத பாத்தேன், எனக்கு கை கால் எல்லாம் வெலவெலத்துப் போச்சு. பெருசு ஒண்ணும் இல்ல, 80 சென்டிமீட்டர்தான், ஆனா மறக்காது.

---

ஈஸ்ட்ஹாம்_அண்ணை:

கனடாக்காரர் எல்லாரும் இரும்பை எறிஞ்சு எறிஞ்சு தோளைக் கெடுக்கிறியள். மணத்தைப் பற்றிக் கேட்டவருக்கு நான் பதில் சொல்லுறன்.

இங்கிலாந்திலயும் அயர்லாந்திலயும் செத்த மீனை வச்சுத்தான் கனபேர் பைக் பிடிக்கிறது. நான் வருசத்துக்கு ஒருக்கா ஷானன் ஆத்தில இருக்கிற லோக் டெர்க் எண்ட ஏரிக்குப் போறனான், மார்கழிக் குளிரில. அந்த நேரம் பைக்குக்குத் துரத்த மனமில்லை, கிடக்கிறதைப் பொறுக்கித் தின்னுற மூட். சாளை, மக்கரல், ஸ்மெல்ட், எண்ணெய் இருக்கிற மீன் எதுவெண்டாலும் சரி. மக்கரலைச் சரிவாப் பாதியா வெட்டினா எண்ணெயும் இரத்தமும் தண்ணியில இறங்கும், அந்த மணத்துக்கு வரும். ஐஸ் கட்டின மீனா இருந்தா எறியேக்க உடையாது, அடியில கிடந்து மெல்ல மெல்ல உருகி மணத்தை விடும். உள்ளி ஸ்ப்ரே பற்றி என்ர அபிப்பிராயம், லூரை அது நிண்டு மணந்து பாக்கிறேல்ல, ஓடுறதைக் கண்டுதான் அடிக்கிறது. மணம் வேலை செய்யிறது அசையாமக் கிடக்கிற இரைக்குத்தான். ஸ்ப்ரேயை மச்சானுக்கே குடுங்கோ.

ஆனா செத்த மீன் போடேக்க தூண்டிலை விட்டிட்டுத் தேத்தண்ணி ஊத்தப் போகக்கூடாது. மிதவை ஆடினா உடன இழுக்கவேணும், காத்திருந்தா விழுங்கிப்போடும், பிறகு வயித்துக்குள்ள இருந்து தூண்டில் கழட்டுற கொடுமை. நானும் ஒருக்கா போனில கதைச்சுக்கொண்டு இருந்து அப்பிடி ஒரு மீனைச் சாகடிச்சனான், இண்டைக்கும் மனசுக்குச் சரியில்ல. அயர்லாந்தில சட்டமும் இறுக்கம், ஒரு நாளைக்கு ஒண்டுதான் வச்சிருக்கலாம், அதுவும் 50 சென்ரிமீற்றருக்கு மேல எண்டா திரும்ப விடவேணும், உயிர் மீனை இரையாப் போடவே கூடாது. உங்கட பக்கம் இரைச் சட்டம் வேற, பாத்துச் செய்யுங்கோ.

---

பழைய_தூண்டில்:

ஓம், ஈஸ்ட்ஹாம் அண்ணை சொன்னது முக்கியம். ஒன்ராறியோவில இரை மீனை ஒரு பகுதியில இருந்து இன்னொரு பகுதிக்குக் கொண்டுபோறதுக்குக் கட்டுப்பாடு இருக்கு, மிச்சத்தை லேக்குக்குள்ள கொட்டவும் கூடாது. மீன்பிடி வலயத்துக்கு வலயம் (சோன் எண்டு சொல்லுறது) திகதியும் எண்ணிக்கையும் மாறும், போறதுக்கு முதல்நாள் அரசாங்கத்தின்ர மீன்பிடிச் சட்டப் புத்தகத்தை போனில திறந்து அந்த லேக்கின்ர பேரையே தேடிப் பாருங்கோ, சோன் பக்கத்தை மட்டும் பாத்திட்டு விடாதேங்கோ, சிம்கோவுக்குத் தனியா எழுதியிருப்பினம். 18 இல இருந்து 64 வயசு மட்டும் லைசென்ஸ் கட்டாயம், வீட்டில ஆரும் 65 தாண்டினவை வந்தா ஐடி காணும்.

இன்னொண்டும் சொல்லவேணும். சிம்கோவில முந்தி அழிஞ்சுபோன மஸ்கியை (பைக்கின்ர சொந்தக்கார மீன்) திரும்பக் கொண்டுவர குஞ்சு விட்டவை. பைக் எண்டு நினைச்சு அதை வீட்ட கொண்டுபோனா வில்லங்கம். பைக்குக்கு இருண்ட உடம்பில வெளிறின புள்ளி, மஸ்கிக்கு வெளிறின உடம்பில இருண்ட புள்ளியோ வரியோ. சந்தேகம் எண்டா கீழ்த்தாடையைப் பிரட்டி ஓட்டையை எண்ணுங்கோ, ஒரு பக்கத்தில அஞ்சு, அதுக்குக் குறைய எண்டா பைக், ஆறும் அதுக்கு மேலயும் எண்டா மஸ்கி. வாலும் பைக்குக்கு உருண்டையா இருக்கும்.

---

வன்னிவிரால்:

எல்லாருக்கும் கோடி நன்றி. பழைய தூண்டில் அண்ணை, ஆகஸ்டில நேரம் கிடைக்கேல்ல, வேலையில ஓவர்டைம். இனிப் போனா அக்டோபரில்தான். அப்பவும் ஆழத்திலதான் தேடுறதோ?

---

பழைய_தூண்டில்:

அக்டோபர் எண்டா உங்களுக்கு அதிர்ஷ்டம். மேல் தண்ணி குளிர்ந்து லேக் முழுக்க ஒரே சூட்டுக்கு வந்திடும், அப்ப பெரிசுக்கு எங்கயும் போகலாம், திரும்பக் கரைப்பக்கம் வரும். பாசி எல்லாம் மஞ்சளாகி அழுகும், அழுகின பாசியை விட்டிடுங்கோ. இன்னும் பச்சையா நிக்கிற துண்டு ஒண்டு கண்டா, எல்லா மீனும் அதுக்குள்ளதான். கார்த்திகை பிறக்க ஹெரிங் கல்லு மேட்டுக்கு முட்டை போட வரும், அதுக்குப் பின்னால இவையும் வருவினம். பெரிய லூரா எடுங்கோ, ஒரு சாண் நீளம், ஆனா ஜூலையில இழுத்த வேகத்தில பாதி. கூட்டி அள்ளுற வலையும் கொண்டுபோங்கோ, ரப்பர் பூசினது.

---

வன்னிவிரால்:

வந்திட்டன், ரிப்போர்ட் தாறன். போன சனிக்கிழமை போனனாங்கள். விடியக் காத்து நல்லா அடிச்சது, மச்சான் திரும்புவம் எண்டான், நான் மதுரைக்கார அண்ணையை நினைச்சுக்கொண்டு காத்து மோதுற பக்கத்துக்கே விட்டன். மாப்பில புள்ளடி போட்டது அஞ்சு இடம். முதல் மூண்டிலயும் ஒண்டுமில்ல, பாசி எல்லாம் பழுப்பு, கையில எடுத்தா குழையுது. நாலாவது இடத்தில தரை மூக்கு மாதிரி நீட்டுற நுனியில, ஒரு ரெண்டு கார் நிப்பாட்டுற அளவு இடத்தில மட்டும் பாசி பச்சையா இருந்துது. லூரில மாட்டினதை இழுத்தன், "டக்" எண்டு முறிஞ்சுது. மச்சானிட்ட ஒண்டும் சொல்லேல்ல, திரும்ப அதே இடத்துக்கு எறிஞ்சன்.

நிப்பாட்டி விட்ட நேரம்தான் அடிச்சது. அடி எண்டு சொல்லேலாது, லூர் கல்லில மாட்டின மாதிரி நிண்டுது, பிறகு அந்தக் கல் நடக்கத் தொடங்கிச்சுது. 94 சென்ரிமீற்றர்! வலையை மச்சான் கார் டிக்கியிலயே விட்டிட்டு வந்திட்டான், அதை அந்த நேரத்திலதான் சொல்லுறான். போட்டுக்குப் பக்கத்தில தண்ணிக்குள்ளயே வச்சு, குறடால தூண்டிலைக் கழட்டி, வாலைப் பிடிச்சுக்கொண்டு ஒரு நிமிசம் நிண்டன், ஒரு உதறு உதறி என்ர முகம் முழுக்கத் தண்ணி அடிச்சிட்டுப் போச்சு. படம் ஒண்டுதான் இருக்கு, அதிலயும் மச்சான்ர பெருவிரல் பாதி.

பிறகு 55 அளவில ஒண்டு பிடிபட்டுது, அதை வீட்ட கொண்டுவந்தம். அம்மா குழம்பு வச்சவ, ருசி நல்லம் ஆனா முள்ளு எண்டா முள்ளு, இங்கிலீஸ் Y எழுத்து மாதிரி கவர் விட்ட முள்ளு, பிள்ளையள் ஒருவாய்க்கு மேல தொடேல்ல. உதை என்ன செய்யிறது?

---

பழைய_தூண்டில்:

94! அடிச்சுப் போட்டியள் தம்பி.

அந்த முள்ளு முதுகுப் பக்கத்துச் சதைக்குள்ள ஒரு வரிசையாத்தான் இருக்கும். குழம்புக்கு உது சரிவராது. துண்டு போட்டு உப்பு மஞ்சள் பிரட்டி ஆவியில அவியுங்கோ, ஆறவிட்டு விரலால உதிர்த்தா சதை இதழ் இதழாக் கழரும், முள்ளு வரிசை தானா வெளிய தெரியும், உருவி எடுத்திடலாம். பிறகு உருளைக்கிழங்கு, வெங்காயம், பச்சைமிளகாய், மிளகு, கொஞ்சம் தேசிக்காய்ப் புளி, கட்லட் போடுங்கோ. எங்கட வீட்டில சீலாக் கட்லட்டுக்கும் இதுக்கும் ஆருக்கும் வித்தியாசம் தெரியேல்ல. தோலில வழுவழுப்புக் கூட, வெட்ட முதல் வினாகிரி ஊத்தித் தேச்சா போகும். சின்னப் பிள்ளையளுக்கும் பிள்ளைத்தாச்சிக்கும் எண்டா பெரிய பைக் வேண்டாம், மேக்குரி (பாதரசம்) சேரும். ஒன்ராறியோ அரசாங்கம் லேக்குக்கு லேக் எத்தினை தரம் சாப்பிடலாம் எண்டு போட்டிருக்கு, அதைப் பாருங்கோ. 55 அளவு நல்ல அளவு.

---

நார்த்பே_மதுரைக்காரன்:

சூப்பரு தம்பி! வலைய டிக்கில விட்டவருக்கு கட்லட் கெடையாதுன்னு சொல்லிருங்க. ஜனவரில இங்கிட்டு வாங்க, ஐஸ்ல ஓட்டை போட்டு ஒக்காருவோம், குடிசை நான் பாத்து வைக்கிறேன்.